பொய்க் குறி சுமந்த புழு

2018 பிப்ரவரி 9, இரவு 8 மணி. தென் கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா ஆரம்பமாகிறது. அதே நேரத்தில் அரங்கின் வைஃபை முடங்குகிறது. செய்தியாளர் மையத்தில் தொலைக்காட்சிகள் அணைகின்றன. போட்டியின் இணையதளமும் விழுந்துவிட, நுழைவுச்சீட்டை அச்சிட முடியாமல் சிலர் தவிக்கிறார்கள்.

தனித்தனியாகத் தெரிந்த இந்தக் கோளாறுகளுக்கு வேர் ஒன்றுதான். பெரிய வலையமைப்பில் ஒவ்வொரு கணினியும், "இவர் யார்? எதைத் தொட இவருக்கு அனுமதி?" என்று சில தலைமைக் கணினிகளிடம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். சியோல் தரவு மையத்தில் இருந்த அவை ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பதில் சொல்ல ஆளில்லாமல் மற்றவையும் திகைத்து நின்றன.

சாய்த்தது ஒரு கணினிப் புழு, அதாவது தானாகவே பரவும் நிரல். சிஸ்கோவின் டாலோஸ் ஆய்வுக் குழு அதற்கு 'ஒலிம்பிக் டிஸ்ட்ராயர்' என்று பெயரிட்டது. அது பரவிய விதம்தான் வியப்பு. புகுந்த கணினியில் கிடைத்த கடவுச்சொற்களையெல்லாம் திரட்டி, தன் அடுத்த பிரதிக்குள்ளேயே பொதிந்து அனுப்பியது. ஆகவே ஒவ்வொரு பிரதியும் முந்தையதைவிடக் கூடுதலாக அறிந்திருந்தது. ஆய்வாளர்களிடம் சிக்கிய ஒரு பிரதியில் மட்டும் 44 பயனர் கணக்குகள் இருந்தன. கணினி நிர்வாகிகள் அன்றாடம் பயன்படுத்தும் கருவிகளையே வாகனமாகக் கொண்டதால் அதன் நடமாட்டம் வழக்கமான வேலைபோலவே தெரிந்தது. போன இடத்தில் விண்டோஸ் ஒளித்துவைக்கும் மீட்புப் பிரதிகளையும் நிகழ்வுப் பதிவுகளையும் அழித்து, கணினி மறுபடி எழாதபடி செய்துவிட்டு அணைத்தது.

கங்நுங் நகரில் இருந்த ஒலிம்பிக் தொழில்நுட்ப மையத்தில் அன்றிரவு யாரும் தூங்கவில்லை. மீட்க மீட்கப் புழு மீண்டும் வந்து சாய்த்தது. நள்ளிரவு வாக்கில் வலையமைப்பையே இணையத்திலிருந்து துண்டித்தார்கள். ஆன்லேப் என்ற கொரிய நிறுவனம் விடியற்காலையில் மாற்று மருந்து நிரலைத் தந்தது. எல்லாருடைய கடவுச்சொற்களையும் மாற்றி, காப்புப் பிரதிகளிலிருந்து சர்வர்களைக் கட்டியெழுப்பினார்கள். சுமார் 12 மணி நேரத்தில் எல்லாம் சீரானது. மறுநாள் ஆட்டம் பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நடந்தது தெரியவே தெரியாது. நான் அறிந்த அருமையான மீட்புப் பணிகளில் இது ஒன்று.

அனுப்பியது யார்? மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள் கருவிகளால் ஆக்கப்படும் நிரலின் முகப்பில், எந்தக் கருவி, எந்தப் பதிப்பு என்ற குறிப்பு மறைவாகப் பதிந்திருக்கும். இதை 'ரிச் ஹெட்டர்' என்பார்கள். சட்டைக் காலரின் உள்பக்கம் சலவைக்காரர் இடும் குறி போன்றது அது. புழுவில் இருந்த குறி, வட கொரியாவோடு தொடர்புபடுத்தப்படும் லாசரஸ் குழுவின் பழைய நிரலோடு அச்சு அசலாகப் பொருந்தியது. வழக்கு முடிந்ததுபோல் தோன்றியது. காஸ்பர்ஸ்கை நிறுவனத்தின் இகோர் சௌமென்கோவ் மட்டும் குறியை விட்டுவிட்டுத் துணியைப் பார்த்தார். குறி சொன்னது 1998-இல் வந்த ஒரு பழைய கருவியை. நிரலுக்குள்ளோ அந்தக் கருவியின் காலத்தில் பிறந்தேயிராத ஒரு கோப்பின் பெயர் இருந்தது. குறி ஒட்டவைக்கப்பட்டது!

உண்மைத் தடம் வேறிடத்தில் கிடைத்தது. விழாவுக்கு மாதங்களுக்கு முன்பே ஒலிம்பிக் வட்டாரத்தினருக்குத் தூண்டில் மின்னஞ்சல்கள் வந்திருந்தன. ஃபயர்ஐ நிறுவனத்தின் மைக்கேல் மட்டோனிஸ் அவற்றின் இணைப்புக் கோப்புகளைப் பிடித்து, அவை தொடர்புகொண்ட சர்வர்களைத் துழாவினார். அந்தத் தேடல் ஓர் இணைய முகவரியில் போய் முட்டியது. 2016-இல் அமெரிக்க மாநிலத் தேர்தல் அமைப்புகளைத் தாக்கியதாக ரஷ்யாவோடு தொடர்புபடுத்தப்பட்டவர்கள் பயன்படுத்திய முகவரி அது. புழுவின் முகத்தை மாற்றியவர்கள் பழைய முகவரியை மாற்றவில்லை.

2020 அக்டோபரில் அமெரிக்க நீதித்துறை, ரஷ்ய ராணுவ உளவு அமைப்பான ஜிஆர்யூவின் ஆறு அதிகாரிகள்மீது இந்தத் தாக்குதலுக்காகவும் குற்றஞ்சாட்டியது. ரஷ்யா மறுத்தது. தாக்குதலுக்குக் காரணமாகக் கருதப்படுவது இது: ஊக்கமருந்து விவகாரத்தால் பியோங்சாங்கில் ரஷ்ய வீரர்கள் தங்கள் நாட்டுக் கொடியின்கீழ் போட்டியிட அனுமதிக்கப்படவில்லை.