ஊருக்குப் போகும்போது வீட்டு ஜீவனை யாரிடம் ஒப்படைப்பது?

வணிகர்களாகிய நாம் வெளியூர் போவதே குறைவு. கடையை மூடினால் வாடிக்கை கைமாறிவிடும் என்ற பயம் நமக்கு எப்போதும் உண்டு. இருந்தாலும் மே 5 வணிகர் தின மாநாடு, கார்த்திகை மார்கழியில் சபரிமலை, பிள்ளைகள் கல்யாணம், வயதான பிறகு காசி யாத்திரை என்று ஊரை விட்டுக் கிளம்பத்தான் வேண்டியிருக்கிறது. கிளம்புமுன் கடைச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று ஒரு வாரம் யோசிக்கிறோம். கல்லாவை எண்ணுகிறோம். ஸ்டாக் எடுக்கிறோம். ஆனால் கொல்லையில் கட்டியிருக்கும் பசுவையும், வாசலில் காவல் கிடக்கும் நாயையும், மூட்டைகளுக்கு நடுவே எலி பிடிக்கும் பூனையையும் யாரிடம் விடுவது என்பதை மட்டும் பஸ் ஏறுவதற்கு அரை மணி முன்னால் முடிவு செய்கிறோம். "கொஞ்சம் பார்த்துக்கப்பா" என்று ஒரு வார்த்தை. ஒப்பந்தம் அதோடு முடிந்தது.

உடன் அழைத்துப் போவதும் சுலபமில்லை. ரயிலில் நாயைக் கொண்டுபோக வேண்டுமானால் ஏ.சி. முதல் வகுப்பில் ஒரு தனி அறை முழுவதையும் நாமே எடுக்க வேண்டும். அல்லது கார்டு வண்டியில் உள்ள பெட்டியில் அடைத்துவிட வேண்டும். ஆகவே நல்ல ஆளிடம் ஒப்படைப்பதுதான் வழி. அந்த நல்ல ஆளைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே இங்கு நாம் பேச வந்தது.

நம் மண்ணின் பழைய கணக்கு

பிறர் மாட்டைப் பார்த்துக்கொள்வது நம் பகுதிக்குப் புதிய தொழில் அல்ல. மன்னார்குடியில் கோயில் கொண்டிருக்கும் ராஜகோபாலனே மாடு மேய்க்கும் கோலத்தில் நிற்பவன். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்த வயல்களில் ராமநாதபுரம் பக்கத்து ஆட்டுக் கிடைகள் வந்து இறங்குவதை நாம் பார்த்து வளர்ந்தோம். ஒரு கிடையில் பலருடைய ஆடுகள் சேர்ந்திருக்கும். அத்தனைக்கும் பொறுப்பு கீதாரி.

இதற்கெல்லாம் முந்திய கணக்கு தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் இருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், கோயிலில் நந்தா விளக்கு எரிக்க இடையர்களிடம் கால்நடைகளை ஒப்படைத்தார்கள். ஒரு விளக்குக்கு ஆடானால் 96, பசுவானால் 48, எருமையானால் 16. வாங்கிக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். இப்படி விடும் ஆடுகளுக்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாமலும் கிழடாகாமலும் இருக்கும் ஆடு உலகத்தில் ஏது? செத்தது போகப் பிறந்ததைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். சில கல்வெட்டுகளில் இடையருக்குப் பிணை நின்றவர் பெயரும் இருக்கிறது.

வியாபாரியின் கண்ணோடு பார்த்தால் இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனம் விளங்கும். கோயில்காரர் தினமும் கொட்டிலுக்குப் போய் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. நெய் உழக்கில் குறைந்தால் தெரிந்துவிடும். அளவு இருந்தது, ஆகவே ஒப்பந்தம் நின்றது. ஆனால் நாம் விட்டுப் போகும் நாயோ பூனையோ எதை அளந்து காட்டும்? நாலு நாள் பட்டினி கிடந்ததா, வெயிலில் கட்டிக் கிடந்ததா என்று அது வந்து சொல்லப் போவதில்லை. அளந்து பார்க்க முடியாத வேலைக்கு ஆளைத்தான் முன்கூட்டி அளந்து பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் முதலும் முடிவுமான பாடம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

கிடங்கில் சரக்கு வைக்கும் நமக்கு 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் அந்நியமல்ல. ஒருவர் பொருளை இன்னொருவரிடம் ஒப்படைத்துத் திரும்பப் பெறுவது பற்றி அதில் தனி அத்தியாயமே இருக்கிறது. சாதாரண புத்தியுள்ள மனிதன் தன் பொருளை எப்படிக் காப்பானோ அப்படிக் காக்க வேண்டும் என்கிறது 151-வது பிரிவு. அந்த அளவு கவனமாக இருந்தும் கெடுதி நேர்ந்தால், தனியாக ஒப்பந்தம் இல்லாதவரை, பார்த்துக்கொண்டவர் பொறுப்பில்லை என்கிறது 152. அந்த அத்தியாயத்தில் கொடுத்திருக்கும் உதாரணங்களில் மாடும் வருகிறது, குதிரையும் வருகிறது. ஒருவர் பசுவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி விட்டுப் போகிறார், அது கன்று போடுகிறது. பசுவோடு கன்றையும் சேர்த்துத்தான் திருப்பித் தர வேண்டும் என்பது 163. இன்னொருவர் தன் குதிரை முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் தருகிறார், வாங்கியவர் விழுந்து அடிபடுகிறார். சொல்லாதவரே பொறுப்பு என்பது 150.

மிருகவதைத் தடைச் சட்டம் 1960-ல் வந்தது. சொந்தக்காரர் மட்டுமல்ல, தற்காலிகமாகப் பொறுப்பு ஏற்றவரும் அந்த ஜீவனின் நலத்தைக் காக்கக் கடமைப்பட்டவர் என்று அதன் 3-வது பிரிவு சொல்கிறது. ஆனால் தீனி தண்ணீர் தராமல் வாட்டியதற்கு அந்தச் சட்டத்தில் எழுதிய அபராதம் முதல் தடவைக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான். ஒரு கிலோ புளி விலை கூட இல்லை. சட்டம் நமக்குத் துணை நிற்கும், நமக்குப் பதிலாகக் காவல் நிற்காது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் அவருடைய சொந்த மாட்டைப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டி பாசி பிடித்துக் கிடக்கிறதா, கயிறு கழுத்தை அறுத்திருக்கிறதா, சாணி அள்ளியிருக்கிறதா? சொல்லிவிட்டுப் போகாமல் மத்தியான நேரத்தில் போய்ப் பாருங்கள். சரக்கு சாம்பிளைப் பார்த்து வாங்கும் நமக்கு இது தெரியாத வித்தையல்ல.

இரண்டாவது, கேள்வி கேட்கிற ஆளை நம்பலாம். "எத்தனை மணிக்குத் தீனி? கடிக்குமா? சினையா? ஊசி போட்டாச்சா?" என்று நம்மைக் குடைகிறவர் வேலை தெரிந்தவர். எல்லாவற்றுக்கும் "கவலையே படாதீங்க அண்ணாச்சி" என்று சொல்பவரைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

மூன்றாவது, ஒத்திகை. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே நாயை ஒரு ராத்திரி அவரிடம் விட்டுப் பாருங்கள். பசுவானால் நாலைந்து நாள் நாம் பக்கத்தில் இருக்கும்போதே அவர் கையால் கறக்கட்டும். புதுக்கை பட்டால் பசு பாலை அடக்கிக்கொள்ளும். பூனை ஆளைவிட இடத்தில் பற்று வைக்கும் பிராணி. அதை இடம் மாற்றினால் ஓடிவிடும். பூனை இருக்கும் இடத்திலேயே இருக்க, ஆள் தினம் இரண்டு வேளை வந்து போவதே நல்லது.

பெரிய நகரங்களில் இப்போது நாள் வாடகைக்கு நாய், பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் விடுதிகள் வந்திருக்கின்றன. சென்னையிலோ திருச்சியிலோ பிள்ளைகள் இருக்கும் வணிகர்களுக்கு இது பயன்படும். அங்கே ஒரே ஒரு சோதனை போதும். நம் நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்காத விடுதி, மற்ற நாய்களின் அட்டையையும் கேட்டிருக்காது. அங்கே விடாதீர்கள். ஒரு நாய்க்கு வந்த நோய் எல்லா நாய்க்கும் தொற்றும்.

கூலி வேறு, தீவனம் வேறு

தீவனமும் சேர்த்து இவ்வளவு என்று மொத்தமாகப் பேசுவது நம்மில் பலருடைய வழக்கம். இது தவறான பேரம். தீவனத்தைக் குறைத்தால் அவருக்கு லாபம் என்ற ஏற்பாட்டை நாமே செய்து கொடுக்கிறோம். நல்ல மனிதரையும் அது சோதிக்கும். ஆகவே தவிடு, புண்ணாக்கு, வைக்கோல் எல்லாவற்றையும் நாள் கணக்குப் போட்டு, இரண்டு நாளைக்குக் கூடுதலாகவும் நாமே இறக்கி வைத்துவிட வேண்டும். கூலியைத் தனியாகப் பேசிப் பாதியை முன்பணமாகத் தரலாம். அவசரத்துக்கு மருந்துச் செலவு எவ்வளவு வரை கேட்காமல் செய்யலாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்றால் கூலி வாங்க மாட்டார்கள். அப்போதும் செலவை நாமே ஏற்க வேண்டும். ஓசியில் வாங்கிய உதவியில் குறை கேட்க நமக்கு வாய் வராது.

சீட்டில் எழுத வேண்டியவை

வாயால் சொன்னது காற்றோடு போகும். ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். தீனி வேளை, அளவு, மருந்து, கால்நடை மருத்துவரின் போன் நம்பர், நம் நம்பர், உள்ளூரில் முடிவு சொல்லக்கூடிய ஒருவர் நம்பர். தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். நமக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டிலேயே 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குறை எதையும் மறைக்க வேண்டாம். நாய் கடிக்கும் என்றால் கடிக்கும் என்றே எழுதுங்கள். கிளம்புமுன் வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதியைப் பாருங்கள். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தை உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறிநோய் முற்றிய பின் வைத்தியம் இல்லை.

மளிகைக்காரர்களாகிய நமக்கு இன்னும் இரண்டு எச்சரிக்கை. பாசத்தால் பசுவுக்குச் சோறும் குருணையும் அள்ளி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரே வேளையில் அளவுக்கு மீறித் தின்றால் வயிறு புளித்து, அசை போடுவது நின்று, உயிருக்கே ஆபத்தாகும். ஊருக்குப் போகிறோமே என்று கிடங்கில் எலி மருந்தோ, வண்டு அடிக்காமலிருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையோ வைத்துவிட்டு நாய், பூனையை உள்ளே விட்டு ஷட்டரை இறக்குவது கொலைக்குச் சமம். அந்த மாத்திரையின் புகை மனிதனையும் விடாது. பார்த்துக்கொள்ள வரும் ஆளிடமும் இதைச் சொல்லியாக வேண்டும்.

திரும்பி வந்த பிறகு

வந்த அன்றே போய்ப் பாருங்கள். தோலைத் தடவி, விலாவைத் தொட்டு, குளம்பையும் பாதத்தையும் தூக்கிப் பாருங்கள். மீதித் தீவனத்தை எண்ணுங்கள். பத்து நாள் தீவனத்தில் ஆறு நாளுடையது மீதியிருந்தால் அது சிக்கனமல்ல, பட்டினி. கணக்கு சரியாக இருந்தால் பேசிய கூலியை அன்றைக்கே தீர்த்து, மேற்கொண்டு ஒரு வேட்டி துண்டோ, வீட்டுக்கு வேண்டிய மளிகையோ கொடுத்து அனுப்புங்கள். நல்ல ஆள் ஒருவர் கிடைத்தால் சக வணிகர்களுக்கும் சொல்லுங்கள். நாலு பேர் நாலு வேளைக்கு அழைத்தால் அவருக்கு அது ஒரு தொழிலாகும். தொழிலாகிவிட்டால் பெயரைக் காப்பாற்ற அவரே பாடுபடுவார். நாம் எல்லோரும் அப்படித்தானே கடை நடத்துகிறோம்?