பெல்ட் சுருளவில்லையா? அலட்சியம் வேண்டாம்!

சித்திரை வந்துவிட்டால் தூத்துக்குடிக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பாஞ்சாலங்குறிச்சிப் பயணம் ஒன்று உண்டு. வீரசக்கதேவி கோயில் திருவிழா, அப்படியே பிள்ளைகளுக்குக் கட்டபொம்மன் கோட்டை. போன வருஷம் உறவுக்காரர் ஒருவர் காரில் நானும் தொற்றிக்கொண்டேன். பின்சீட்டில் அத்தை, மருமகள், ஏழு வயதுப் பேரன்.

"மாமா, இந்த பெல்ட் உள்ள போக மாட்டேங்கு. தொளதொளன்னு கெடக்கு" என்றாள் மருமகள்.

"சும்மா மேல போட்டுக்கம்மா. இந்தா இருக்க பாஞ்சாலங்குறிச்சிதான? பின்சீட்டுக்கு எவன் கேக்கப் போறான்?"

சட்டம் கேட்கிறது! பெல்ட் பொருத்தப்பட்ட காரில் முன்னோக்கிய பின்சீட்டில் இருப்பவரும் அணிய வேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 1,000 ரூபாய். அபராதம் கிடக்கட்டும். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலை உயர்ந்த கார்தான். பின்சீட்டில் இருந்த அவர் பெல்ட் போட்டிருக்கவில்லை என்றது போலீஸ். முன்சீட்டில் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள்.

மருமகள் விஷயத்துக்கு வருவோம். அவள் பெல்ட் போடத் தயாராகத்தான் இருந்தாள். பெல்ட்தான் தயாராக இல்லை!

தோள் வழியாகவும் இடுப்பு வழியாகவும் வரும் இந்த மூன்றுமுனை பெல்ட்டை 1959-ல் வால்வோ கம்பெனிக்காக வடிவமைத்தவர் நில்ஸ் போலின் என்ற சுவீடன் நாட்டு எஞ்சினீயர். பெல்ட்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளும் 'ரிட்ராக்டர்' என்ற உருளை பிற்பாடு சேர்ந்தது. காரின் பக்கவாட்டுத் தூணுக்குள் மறைந்திருப்பதால் பல பேர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

உள்ளே இரண்டு வேலை நடக்கிறது. பழைய சாவிக் கடிகாரத்தில் இருப்பது போன்ற சுருள் ஸ்பிரிங் ஒன்று பெல்ட்டை எப்போதும் உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம், சின்னக் கிண்ணத்தில் ஓர் இரும்புக் குண்டு. கார் சடாரென்று நின்றால் குண்டு உருண்டு ஒரு நெம்புகோலைத் தூக்கும். அது பல்சக்கரத்தில் மாட்டி உருளையைப் பூட்டிவிடும். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்தாலும் பூட்டிக்கொள்ள பெரும்பாலான கார்களில் தனி ஏற்பாடு உண்டு.

இது தெரிந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மேடுபள்ளத்தில் சாய்வாக நிறுத்திய காரில் பெல்ட் வர மறுக்கிறதா? குண்டு உருண்டிருக்கிறது, அவ்வளவுதான். சமதளத்துக்கு வந்து, கொஞ்சம் உள்ளே விட்டு, மெதுவாக இழுங்கள். இது கோளாறே இல்லை.

கோளாறு எது? ஒன்று, பெல்ட் திரும்பச் சுருளாதது. இன்னொன்று, வெடுக்கென்று இழுத்தும் பூட்டாதது. இரண்டாவது ஆபத்து என்று யாருக்கும் புரியும். முதலாவதைத்தான் "தொளதொளன்னு இருந்தா என்ன, காத்தோட்டமா இருக்கு" என்று விட்டுவிடுகிறோம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நிற்கிறது என்று வையுங்கள். கார் நின்றாலும் உடம்பு அதே வேகத்தில் முன்னால் போகும். அந்த வேகத்தில் மோதுவது நாலு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பெல்ட் உடம்போடு ஒட்டியிருந்தால் ஆரம்பத்திலேயே பிடித்து, அதிர்ச்சியை மார்பெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பிரித்துக் கொடுக்கும். தளர்ந்திருந்தால் உடம்பு அந்த இடைவெளியைத் தாண்டிப் போய்த்தான் பெல்ட்டில் விழும். இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறியிருந்தால் அந்த அடி குடலுக்கும் மண்ணீரலுக்கும். விபத்துக்குப் பின் வயிற்றில் பட்டை பதிந்த மாதிரி கன்றிப்போயிருந்தால், வலி இல்லையென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குடல் காயம் சில மணி நேரம் கழித்துக்கூட வெளியே தெரியும்.

கர்ப்பிணிகளும் பெல்ட் போட வேண்டும். இடுப்புப் பட்டை வயிற்றுக்குக் கீழே, தொடை சேருமிடத்தில். தோள் பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து, வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும்.

சரி, பெல்ட் ஏன் சுருள மறுக்கிறது? பெரும்பாலும் அழுக்குதான். நம் பக்கம் கரிசல் புழுதி, உப்பளக் காற்று, போதாததற்குத் தலை எண்ணெயும் வியர்வையும். இவை பெல்ட்டில் படிந்து, தோளுக்கு மேலே பெல்ட் நுழைந்து வரும் வளையத்தில் பிசுக்காக உறையும். ஸ்பிரிங்கின் பலம் அந்தப் பிசுக்கை மீறாது. பெல்ட் முறுக்கிக் கிடந்தாலும் இதே கதை.

சுத்தம் செய்வது வீட்டு வேலைதான். பெல்ட்டை நிதானமாக வெளியே இழுத்து, திரும்ப ஓடிவிடாமல் வளையத்தின் அருகே துணி கிளிப் ஒன்றைப் போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பு கலந்து, துணியில் நனைத்துப் பிழிந்து இரு பக்கமும் துடையுங்கள். வளையத்தின் உள்பக்கத்தையும் மறக்காதீர்கள். கார் கதவைத் திறந்து வைத்து நிழலில் முழுக்கக் காயவிட்டு, பிறகு கிளிப்பை எடுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், நூல் பலம் போய்விடும். உருளைக்குள் எண்ணெய் விடவே கூடாது. எண்ணெய் இன்னும் புழுதியைத்தான் சேர்க்கும்.

சுத்தம் செய்தும் சுருளவில்லையா? ஓரம் பிய்ந்து நூல் தெரிகிறதா? சமதளத்தில்கூடப் பூட்டியே கிடக்கிறதா? மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். நீங்களே ஸ்க்ரூ டிரைவரோடு இறங்காதீர்கள். ஸ்பிரிங் தெறிக்கும் என்பது ஒரு பக்கம். பல புதுக் கார்களில் விபத்தின்போது பெல்ட்டை இழுத்து இறுக்க ரிட்ராக்டரில் சின்ன வெடிமருந்துக் குப்பியே வைத்திருக்கிறார்கள். பெரிய விபத்தைப் பார்த்த பெல்ட்டை ரிட்ராக்டரோடு சேர்த்து மாற்ற வேண்டும். 'பழைய காரிலிருந்து கழற்றியது, மலிவு' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது எதைப் பார்த்துவிட்டு வந்ததோ!

கம்பெனியே தப்பு செய்வதும் உண்டு. 2022 டிசம்பரில் மாருதி சுசூகி, முன்சீட் பெல்ட்டின் தோள் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் பாகத்தில் குறை இருக்கலாம் என்று 9,125 கார்களைத் திரும்ப அழைத்தது. உங்கள் காருக்கு இப்படி அழைப்பு உண்டா என்று சேஸிஸ் நம்பரைச் சொல்லி ஷோரூமில் கேளுங்கள்.

நாமே வரவழைக்கும் வினையும் ஒன்று இருக்கிறது. பெல்ட் போடாமலே அலாரத்தை ஏமாற்ற பக்கிளில் சொருகும் கிளிப்! 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய விற்பனை நிறுவனங்கள் மீது உத்தரவு போட்டு, சுமார் 13,118 விற்பனைப் பதிவுகள் நீக்கப்பட்டன. உங்கள் காரில் ஒன்று கிடந்தால் குப்பையில் போடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. சில கார்களில் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துவிட்டால், 'கட கட' சத்தத்தோடு உள்ளே போக மட்டும் செய்யும், வெளியே வராது. குழந்தை சீட்டை இறுக்கிக் கட்டுவதற்கான ஏற்பாடு அது. சும்மா கிடக்கும் பெல்ட்டைப் பிள்ளை விளையாட்டாகக் கழுத்தில் சுற்றினால் இறுகிக்கொண்டே போகும். அப்படி ஆகிவிட்டால் இழுத்துப் போராடாதீர்கள். முதலில் பக்கிளைக் கழற்றிப் பாருங்கள். முடியாவிட்டால் கத்தரிக்கோலால் பெல்ட்டை வெட்டுங்கள். ஆள் இல்லாத சீட்டின் பெல்ட்டைப் பிள்ளைக்கு எட்டாதபடி பக்கிளில் மாட்டி வைப்பது நல்லது.

அன்றைக்குக் குறுக்குச்சாலையில் டீ குடிக்க நிறுத்தியபோது, தண்ணீர் பாட்டிலையும் கைக்குட்டையையும் வைத்து அந்த வளையத்தைத் துடைத்தேன். கைக்குட்டை கறுப்பாகிவிட்டது. பெல்ட் முக்கால்வாசி உள்ளே போயிற்று. மிச்சத்தை மருமகள் கையால் தள்ளிவிட்டுக்கொண்டாள். "இதுக்குள்ள இவ்வளவு அழுக்கா!" என்றார் மாமா. அடுத்த வாரமே புது ரிட்ராக்டர் போட்டுவிட்டதாகப் போன் செய்தார். அத்தைதான் இன்னும், "புழுக்கமா இருக்குய்யா" என்று முனகிக்கொண்டே மாட்டிக்கொள்கிறாராம்.