மகளுக்கு மட்டும் ஏன் 'வேண்டாம்'? விளையாடப் போகும் பிள்ளைகளும் வீட்டின் பயமும்

குறுவட்டப் போட்டி வரை பிரச்னை இல்லை. காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். மாநிலப் போட்டிக்குத் தேர்வாகி, வெளியூரில் இரவு தங்க வேண்டும் என்றதும்தான் பல வீடுகளில் பேச்சு மாறுகிறது. மகனுக்கு 'பத்திரமா போயிட்டு வா'. மகளுக்கோ 'கூட யாரு வர்றா? ராத்திரி எங்க தங்குவீங்க?' சரியான பதில் இல்லையென்றால் பயணம் ரத்து.

புதுக்கோட்டை மாவட்டம் இதைத் தாண்டி வந்த மண். 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது இங்கே கிராமத்துப் பெண்கள் கேலியைப் பொருட்படுத்தாமல் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள்.

கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகளாகப் பிறந்த சாந்திக்கு ஓடக் கற்றுக்கொடுத்தவர் தாத்தா. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார் சாந்தி. பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவரைக் கைவிட்டது தொலைதூரப் பயணமல்ல, பாதுகாத்திருக்க வேண்டிய விளையாட்டு அமைப்புகள்தான்.

ஆக, பெற்றோர் கேள்வி கேட்பது தவறே இல்லை. அதை மகளிடம் கேட்காமல், அழைத்துச் செல்பவர்களிடம் கேட்க வேண்டும். 2022-ல் ஸ்லோவேனியாவுக்குப் பயிற்சிக்குச் சென்ற இந்திய சைக்கிள் வீராங்கனை ஒருவர் பயிற்சியாளர் மீது புகார் கொடுத்தார். அதன் பிறகு, வீராங்கனைகள் இருக்கும் அணியுடன் பெண் பயிற்சியாளர் கட்டாயம் செல்ல வேண்டும் என்று தேசிய விளையாட்டு சம்மேளனங்களுக்கு உத்தரவிட்டது இந்திய விளையாட்டு ஆணையம்.

அனுப்பும் முன் கேளுங்கள்:

* உடன் வரும் ஆசிரியை யார்? அவருடைய செல்போன் எண் என்ன?
* தங்குமிடம் எது? அறைக்கும் கழிப்பறைக்கும் உள்தாழ்ப்பாள் இருக்கிறதா?
* திரும்பி வரும்போது இரவாகிவிட்டால், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை யார் பொறுப்பு?

'பையன்தானே' என்று இந்தக் கேள்விகளை மகனுக்குக் கேட்காமல் விடுவதும் ஆபத்து. ஆண் பிள்ளைகளும் பாலியல் தொல்லைக்கு ஆளாகலாம் என்பதால்தான், 2012-ல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட இரு பாலருக்கும் பாதுகாப்பு தருகிறது. குழந்தைகள் உதவி எண் 1098 இருவருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும்.

பதில்கள் திருப்தியாக இருந்தால், மகளுக்கும் பையைத் தூக்கிக்கொடுங்கள். மாநிலப் போட்டிக்கான வாய்ப்பு எல்லா வருடமும் வீடு தேடி வராது.