பழைய கணிப்பொறியும் அதன் டிரைவர்களும்

நல்ல ஏர் இருக்கிறது. உழவு மாடுகளும் இருக்கின்றன. நுகத்தடி முறிந்துவிட்டால் உழவு நடைபெறுமா? பஞ்சாயத்து அலுவலகங்களிலுள்ள பழைய கணிப்பொறிகளின் நிலை பல சமயங்களில் இத்தகையதே. கணிப்பொறி ஓடுகிறது, பிரிண்டரில் விளக்கு எரிகிறது, ஆயினும் வரி ரசீது அச்சாகி வெளிவருவதில்லை. வெயிலில் நடந்து வந்த மூதாட்டி வெறுங்கையுடன் திரும்புகிறார். "யந்திரம் பழையதாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று உடனே தீர்மானம் எழுதப்படுகிறது.

நாம் பார்வையிட்ட அலுவலகங்கள் சிலவற்றில் பழுதுற்றிருந்தது யந்திரமன்று. அதனை இயக்கும் டிரைவர் என்னும் சிறு நிரலேயாகும். அதனைச் சீர் செய்யப் பணம் வேண்டுவதில்லை. பொறுமையும் ஒழுங்கும் இருந்தால் போதும். பஞ்சாயத்தின் பணம் மக்களுடைய பணம். வேண்டாத யந்திரத்திற்குச் செலவிடும் தொகை, ஒரு தெருவின் விளக்குக்கோ குடிநீர்க் குழாய்க்கோ உதவக்கூடியது. ஆதலின் இவ்விஷயத்தைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும், வீட்டில் கணிப்பொறி வைத்திருக்கும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

டிரைவர் என்பது யாது?

ஏரிப் பாசனத்தை நாம் யாவரும் அறிவோம். ஏரியில் நீர் நிறைந்திருந்தாலும், எந்த மடையை எப்பொழுது எவ்வளவு திறப்பது என்பதை அறிந்தவர் நீர்க்கட்டியே. அவர் இல்லையேல் கடைமடை வயலுக்கு நீர் போய்ச் சேராது. கணிப்பொறியில் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் ஏரியைப் போன்றது. பிரிண்டர், ஸ்கேனர், கைரேகைக் கருவி, ஒலிபெருக்கி ஆகியவை வயல்கள். இரண்டிற்கும் இடையே நின்று, இயங்குதளத்தின் கட்டளையை அந்தந்தக் கருவிக்குப் புரியும் வகையில் எடுத்துச் சொல்லும் நிரலே டிரைவர்.

ஓர் ஏரியின் நீர்க்கட்டியை வேறோர் ஏரியில் கொண்டு வைத்தால் அவருக்கு அங்குள்ள மடைகள் தெரியா. அதே போன்று, ஒரு மாதிரிப் பிரிண்டரின் டிரைவர் வேறு மாதிரிக்குப் பெரும்பாலும் உதவாது. விண்டோஸ் 7க்கென எழுதப்பட்டது விண்டோஸ் 10இல் செவ்வனே இயங்கும் என்பதும் உறுதியன்று.

நோயை அறிதல்

விண்டோஸ் 10 உள்ள கணிப்பொறியில் ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுஸின் வலப்பொத்தானை அழுத்தினால் ஒரு பட்டியல் தோன்றும். அதில் டிவைஸ் மேனேஜர் என்பதைத் திறக்க வேண்டும். கணிப்பொறியோடு இணைந்த கருவிகள் யாவும் அங்கே வரிசையாகக் காணப்படும். ஒரு கருவியின் மேல் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக் குறியும் இருந்தால், அங்கே குறை உண்டு எனக் கொள்க. அதன் பெயரை இருமுறை சொடுக்கினால் ஓர் எண்ணைக் காணலாம். எண் 28 என்றால் டிரைவரே நிறுவப்படவில்லை. எண் 22 என்றால் கருவியை யாரோ நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மீண்டும் இயங்கச் செய்தால் போதும். எண் 10 என்றால் கருவியைத் தொடங்க இயலவில்லை. எண் 43 என்றால் கருவியே தன்னிடம் கோளாறு இருப்பதாகத் தெரிவித்ததால் விண்டோஸ் அதனை நிறுத்திவிட்டது. இவ்வெண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு பழுது பார்ப்பவரிடம் பேசினால் பாதி வேலை முடிந்ததாகும்.

முதலில் செய்ய வேண்டியவை

டிரைவரைத் தொடுவதற்கு முன்பு எளியவற்றைப் பார்த்துவிட வேண்டும். முதலாவதாக, கம்பியைக் கழற்றி வேறொரு யு.எஸ்.பி. துளையில் செருகுக, இயன்றால் வேறு கம்பியையும் மாற்றிப் பார்க்க. இரண்டாவதாக, கணிப்பொறியை ரீஸ்டார்ட் செய்க. ஷட் டவுன் செய்து மறுபடி போடுவதும் இதுவும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். விண்டோஸ் 8 முதற்கொண்டு, விரைவாகத் தொடங்கும் பொருட்டு, ஷட் டவுன் செய்யும்போது உள்நிலையின் ஒரு பகுதி வட்டில் சேமிக்கப்பட்டு மீண்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஆகவே பழைய கோளாறு அப்படியே தொடரக் கூடும். ரீஸ்டார்ட் செய்தால்தான் டிரைவர்கள் யாவும் புதிதாக ஏற்றப்படும்.

மூன்றாவதாக, கணிப்பொறியின் தேதியைப் பார்க்க. காலையில் திறந்ததும் பல ஆண்டுகளுக்கு முந்திய தேதி தெரிந்தால், உள்ளே மதர்போர்டிலுள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது எனலாம். பெரும்பாலான கணிப்பொறிகளில் இது சி.ஆர். 2032 என்னும் 3 வோல்ட் பேட்டரி. விலை மிகச் சொற்பம். தேதி தவறாயிருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். டிரைவரை மாற்றிப் பயனில்லை.

சரியான டிரைவரைத் தேர்தல்

இவற்றாலும் குறை தீராவிடில் டிரைவரைத் தேட வேண்டும். மூன்று விவரங்கள் கைவசம் இருத்தல் அவசியம்: கருவியின் மாதிரி எண், இயங்குதளத்தின் பெயர், அது 32 பிட் வகையா, 64 பிட் வகையா என்பது. மாதிரி எண் கருவியின் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருக்கும். மற்ற இரண்டும் செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், அபௌட் என்னும் தலைப்பில் உள்ளன. 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது. இவ்விவரங்களோடு, கருவியைச் செய்த கம்பெனியின் சொந்த இணையதளத்திலிருந்தே டிரைவரைப் பெறுதல் வேண்டும்.

நிறுவுமுன் சிஸ்டம் ரிஸ்டோர் வசதியில் ஒரு மீட்புப் புள்ளி அமைத்துக்கொள்க. புதிய டிரைவரால் தொல்லை நேரின், டிவைஸ் மேனேஜரில் அக்கருவியின் டிரைவர் பகுதிக்குச் சென்று ரோல் பேக் டிரைவர் என்பதை அழுத்தினால் முந்தைய டிரைவர் திரும்பிவிடும். முந்தையது சேமிக்கப்பட்டிருந்தால் மட்டுமே இது கைகூடும்.

நாம் கற்ற பாடம்

ஒரு சமயம் மே முதல் நாள் கிராம சபைக்கு இரண்டு நாட்களே இருந்தன. ஒரு பஞ்சாயத்தில் வரவு செலவு அறிக்கையை அச்சிட இயலவில்லை. சில நாட்களுக்கு முன் கணிப்பொறியை விண்டோஸ் 7இலிருந்து விண்டோஸ் 10க்கு மாற்றியிருந்தார்கள். அவசரத்தில் நாமே ஒரு தவறு செய்தோம். எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்த இலவச நிரல் ஒன்றை இறக்கி நிறுவினோம். பிரிண்டர் அப்போதும் இயங்கவில்லை. அதுவரை நன்றாக இயங்கிய வலைத் தொடர்பும் நின்றது. இணையமின்றிச் சரியான டிரைவரைத் தேடவும் வழியில்லை. தோண்டியோடு கயிறும் கிணற்றில் விழுந்த கதையாயிற்று.

பஞ்சாயத்துச் செயலர் பதற்றமடையவில்லை. வலைத் தொடர்பு டிரைவரை ரோல் பேக் செய்து பழைய நிலைக்குக் கொணர்ந்தார். பின்னர் பிரிண்டரின் மாதிரி எண்ணைப் பார்த்து, பழைய 32 பிட் டிரைவரே பயன்பட்டு வந்ததைக் கண்டறிந்து, கம்பெனியின் தளத்திலிருந்து 64 பிட் டிரைவரைப் பெற்று நிறுவினார். அறிக்கை அன்று மாலையே அச்சாயிற்று. கிராம சபையில் கணக்கு மக்கள் முன் வைக்கப்பட்டது. புதிய பிரிண்டர் வாங்கும் தீர்மானம் கைவிடப்பட்டது.

இதினின்று நாம் கற்றவை இரண்டு. அறிமுகமில்லாத இலவச நிரல்களை நம்பலாகாது. அவற்றில் சில தீய நிரல்களையும் உடன் கொண்டுவரும். வலைத் தொடர்பு டிரைவரின் பிரதி ஒன்று எப்போதும் பென் டிரைவில் இருத்தல் வேண்டும்.

கைரேகைக் கருவி

ஆதாரைச் சரிபார்க்கும் கைரேகைக் கருவிகளுக்கு டிரைவர் மட்டும் போதாது. ஆர்.டி. சர்வீஸ் என்னும் தனி நிரலும் வேண்டும். பதிந்த ரேகையை மறைக்குறியாக்கிப் பாதுகாப்பாக அனுப்புவது அதுவே. டிவைஸ் மேனேஜரில் கருவி குறையின்றித் தோன்றியும் சரிபார்ப்பு நடைபெறாவிடில், ஆர்.டி. சர்வீஸ் ஓடுகிறதா, கருவியின் பதிவு நடப்பில் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலைக் குறை கூறி விவசாயியைத் திருப்பி அனுப்புமுன் இதனைச் சோதிப்பது நம் கடமை.

பழைய யந்திரத்தின் எல்லை

டிரைவரால் எல்லாவற்றையும் சரி செய்ய இயலாது என்பதையும் சொல்ல வேண்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் நாளோடும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடும் முடிவுற்றன. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டுமாதலால் பழைய கணிப்பொறிகள் பல அதற்குத் தகுதி பெறுவதில்லை. பாதுகாப்புத் திருத்தம் பெறாத கணிப்பொறியில் பஞ்சாயத்தின் பணப் பட்டுவாடாவைச் செய்தல் தகாது.

அத்தகைய யந்திரத்தில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக் கடிதம் எழுதவும் மாணவர் பயிலவும் பயன்படுத்தலாம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் அதன் கருவிலேயே அடங்கியுள்ளன. விண்டோஸ் கைவிட்ட பழைய ஸ்கேனர் லினக்ஸில் ஓடுவதும் உண்டு. ஆயினும் நிறுவுமுன் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்து, கருவிகள் இயங்குகின்றனவா என அறிந்துகொள்க.

செய்யத் தக்கவை

நன்றாக ஓடும் கருவியின் டிரைவரைக் காரணமின்றி மாற்ற வேண்டாம். கோளாறு தோன்றியபோதும், இயங்குதளம் மாறியபோதும், பாதுகாப்புத் திருத்தம் வந்தபோதும் மாற்றினால் போதும். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, கருவிகளின் மாதிரி எண், டிரைவர் மாற்றிய தேதி, மாற்றியவர் பெயர் ஆகியவற்றை எழுதி வருக. செயலர் மாறுதலாகிச் சென்றாலும் அந்நோட்டுப் புத்தகம் அலுவலகத்திலேயே இருக்கும்.

இனிப் புதிய யந்திரம் வாங்கும் தீர்மானம் மன்றத்தின் முன் வரும்போது உறுப்பினர்கள் ஒரு கேள்வி கேட்பார்களாக: "டிரைவரைப் பார்த்தீர்களா?" அக்கேள்வி ஒன்றே ஊர்ப் பணத்தைக் காக்கும், ரசீதுக்காக வந்த மூதாட்டியும் கையில் ரசீதோடு வீடு திரும்புவார்.