எழுதியது ஒன்று, பதிவானது ஒன்று!

நம் முன்னோர் கடைச் சிட்டையில் ஓர் எண்ணை எழுதினால், மறுநாள் காலையிலும் அதே எண்தான் அங்கே இருந்தது. மை மங்கலாம், எண் மாறாது. இன்று ஆழ்வார்பேட்டையில் டி.டி.கே. சாலையானாலும் எல்டாம்ஸ் சாலையானாலும், மளிகைக் கடை முதல் மொத்த வியாபாரம் வரை கணக்கு கணிப்பொறிக்குப் போய்விட்டது. அட்டவணை மென்பொருளில் நாம் தட்டும் எண், நம்மைக் கேட்காமலே வேறொன்றாக மாறிவிடுவதுண்டு. தவறு குமாஸ்தாவுடையது என்று அவரைக் கடிந்துகொள்கிறோம். உண்மை வேறு.

விஞ்ஞானிகள் பட்ட பாடு

இதில் நம்மைவிட அதிகம் அவதிப்பட்டவர்கள் மரபணு ஆராய்ச்சியாளர்கள். 'செப்ட்2', 'மார்ச்1' என்று சில மரபணுக்களுக்குச் சுருக்கப் பெயர்கள் இருந்தன. 'எக்செல்' மென்பொருளில் அவற்றை இட்டால், செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாகிவிடும். 2004-ஆம் ஆண்டிலேயே இதை ஆய்வுக் கட்டுரை மூலம் எச்சரித்தார்கள். பலன் இல்லை. 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், எக்செல் மரபணுப் பட்டியல் இணைத்த 3,597 கட்டுரைகளைச் சோதித்தபோது 704-இல் இப்பிழை இருந்தது. ஐந்தில் ஒரு பங்கு! கடைசியில் பெயரிடும் சர்வதேசக் குழுவே இறங்கிவந்தது. 2020-இல் 'செப்ட்2' என்பது 'செப்டின்2' ஆயிற்று. இப்படி 27 மரபணுக்களின் பெயர்கள் மாறின. மென்பொருளை மாற்ற முடியாமல் மரபணுவின் பெயரை மாற்றினார்கள்!

நம் கடையில் என்ன ஆகிறது?

பெயரை மாற்றித் தப்பிக்க நமக்கு வழியில்லை. தேயிலையின் எச்.எஸ்.என். குறியீடு 0902. தட்டியதும் முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்து 902 ஆகும். அப்படியொரு குறியீடே கிடையாது. '12இ5' என்று ஆங்கில எழுத்தோடு ஒரு சரக்குக் குறியீடு வைத்திருந்தால், அது பன்னிரண்டு லட்சம் என்ற எண்ணாகிவிடும்.

பில் எண்ணில் இடைக்கோடும் சாய்வுக்கோடும் இடலாம் என்கிறது ஜி.எஸ்.டி. விதி. ஆனால் '7-8' என்று இட்டால், இந்தியத் தேதி முறையில் அது ஆகஸ்ட் 7. அமெரிக்க முறையில் ஜூலை 8. உள்ளே பதிவாவதோ 1900-ஆம் ஆண்டிலிருந்து எண்ணிய நாள் கணக்கு. 2024-இல் இட்டிருந்தால், பிறகு எழுத்து வடிவுக்கு மாற்றும்போது 45511 என்று நிற்கும். பழைய பில் எண் திரும்பாது. அதே எண் கணக்குத் தாக்கலில் ஏறினால், கொள்முதல் செய்தவரின் பதிவோடு பொருந்தாமல், அவருக்குரிய உள்ளீட்டு வரி வரவில் சிக்கல் வரும். வாடிக்கையாளர் நம்மிடம்தான் கேட்பார்.

வங்கிக் கணக்கு எண்ணில் இன்னும் கவனம் தேவை. இம்மென்பொருள் எண்களில் 15 இலக்கங்களையே நினைவில் வைக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். பணம் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

என்ன செய்யலாம்?

1. கூட்டவோ பெருக்கவோ வேண்டாத எண்கள் எல்லாம் பெயர்களே. பில் எண், குறியீடு, கணக்கு எண், தொலைபேசி எண் ஆகியவற்றுக்குரிய பத்தியைத் தட்டுவதற்கு முன்பே 'டெக்ஸ்ட்' என்று அமைத்துவிடுங்கள். பின்னர் அமைத்தால் போனது வராது.

2. ஒன்றிரண்டு எண்களானால், முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி இட்டால் போதும்.

3. பிறர் அனுப்பும் சி.எஸ்.வி. கோப்பை நேராகத் திறக்காதீர்கள். 'டேட்டா' பகுதி வழியே உள்ளே கொணர்ந்து, எந்தப் பத்தி எழுத்து என்று குறிப்பிடுங்கள். நேராகத் திறந்து சேமித்தால், 890-இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடு எண்ணின் பின்பகுதி பூஜ்யங்களாகிவிடக்கூடும்.

4. 2023-இல் மைக்ரோசாப்ட் நிறுவனம் இத்தானியங்கி மாற்றங்கள் சிலவற்றை நிறுத்திவைக்கும் வசதியைத் தந்தது. புதிய பதிப்பு வைத்திருப்போர் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் பார்க்கலாம். ஆயினும் பில் எண்ணுக்கு முதலில் சொன்ன வழியே உறுதியானது.

தாக்கலுக்கு முன் பத்து பில்களையாவது கையில் எடுத்துத் திரையோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கணிப்பொறி வேகமாக எழுதும். சரிபார்க்க வேண்டியவர் முதலாளிதான்.