பல்லை அடைத்த பிறகும் வலிக்குதா?



போன மாதம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். பெரட்டு முடிந்து ஆட்கள் கலைகிற நேரம். செம்பனைக் குலை வெட்டும் ஒரு தம்பி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "என்ன தம்பி?" என்றேன்.

"சொத்தைப் பல்லை அடைச்சு பத்து நாளாச்சுண்ணே. சோத்தை மென்னா உயிர் போவுது. பேசாம புடுங்கிப்புடலாம்னு இருக்கேன்."

"டாக்டர்கிட்டே திரும்பப் போய்க் காட்டினியா?"

"இன்னொரு நாள் சம்பளம் போயிடுமேண்ணே!"

இந்தப் பேச்சைப் பல தோட்டங்களில் கேட்டுவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பல்லுக்குள்ளே நரம்பு இருக்கிறது. சொத்தையைக் கடைந்து எடுக்கும்போது அது கொஞ்சம் அதிர்ந்துபோகும். அதனால் ஐஸ் தண்ணியோ, சூடான தேத்தண்ணியோ, இனிப்போ பட்டால் சுரீரென்று கூசி, சில விநாடியில் அடங்கும். இதற்குப் பயப்பட வேண்டாம். நாளுக்கு நாள் குறைந்து, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் போய்விடும். அதுவரை மறுபக்கம் மெல்லுங்கள். கூச்சம் குறையவே இல்லையென்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

கடித்தால் மட்டும் வலிக்கிறதா? அடைப்பு மயிரிழை உயரமாக இருக்கலாம். ஊசி போட்டு வாய் மரத்திருக்கும்போது அது நமக்குத் தெரியாது. டாக்டர் ஒரு மைத்தாளைக் கடிக்கச் சொல்லி, மேடான இடத்தைக் கண்டுபிடித்துத் தேய்த்துவிடுவார். சில நிமிட வேலைதான். அந்தத் தம்பிக்கும் இதேதான். மத்தியானம் வேலை முடிந்து போனார், தேய்த்துவிட்டார்கள். பல்லும் பிழைத்தது, அன்றைய சம்பளமும் போகவில்லை.

ஆனால் எல்லா வலியும் இப்படியல்ல. ராத்திரியில் தானாக விண் விண்ணென்று வலித்துத் தூக்கத்தைக் கெடுத்தாலும், சூடு பட்ட வலி நெடுநேரம் நின்றாலும், உள்நரம்பு கெட்டுவருகிறது என்று அர்த்தம். பனடாலை விழுங்கிவிட்டு நாளைக் கடத்தாதீர்கள். சீக்கிரம் போனால் வேர்ச் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற வழியுண்டு. வலிக்கிற ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைக்காதீர்கள், சதை வெந்துபோகும். முகம் வீங்கி, காய்ச்சல் கண்டு, வாயைத் திறக்கவோ விழுங்கவோ முடியாமல் போனால் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சம்பள விஷயத்துக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, பல் டாக்டர் கொடுக்கும் எம்.சி.யும் செல்லும். வேலை செய்ய முடியாது என்று அவர் எழுதிக் கொடுத்தால் அது சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு. வருஷத்துக்கு எத்தனை நாள்? இரண்டு வருஷம் ஆகாதவருக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷத்துக்குள் 18 நாள், ஐந்து வருஷமும் அதற்கு மேலும் 22 நாள். ஒன்றை மறக்காதீர்கள்: விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். சொல்லாமல் இருந்தால், எம்.சி. இருந்தும், அனுமதியில்லாமல் வராதவர் என்று எழுதிவிடுவார்கள்.

அடைத்த பல்லைத் திரும்பக் காட்டுவதில் வெட்கம் எதற்கு? பிடுங்கின பல் மறுபடி முளைக்காது, தோழர்களே!