போதகர் பெயரில் ஒரு செய்தி

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டபின், பேத்தமங்களா, ஆண்டர்சன்பேட்டை, இராபர்ட்சன்பேட்டை வட்டாரத்து இளையோர் பலர் பெங்களூரு சென்றே பொருள் ஈட்டுகின்றனர். ஊரிலிருக்கும் பெற்றோருக்கு ஞாயிறு ஆராதனையும் சபையின் வாட்ஸ்அப் குழுவும் பெருந்துணை. அந்த நெருக்கத்தையே மோசடிக்காரர்கள் முதலாக்கிக்கொள்கின்றனர்.

புதிய எண்ணிலிருந்து போதகரின் படத்துடன் செய்தி வரும். "கூட்டத்தில் இருக்கிறேன், பேச இயலாது. நம் சபையார் ஒருவர் மருத்துவமனையில் இருக்கிறார். உடனே பணம் அனுப்புங்கள். வேறு எவருக்கும் தெரிய வேண்டாம்" என்பதே பெரும்பாலும் அதன் சாரம். அமெரிக்காவில் இதே தந்திரம் பரிசு அட்டை கேட்கும் வடிவில் பரவியதால், அந்நாட்டு வணிக ஆணையம் 2019இல் வழிபாட்டாளர்களை எச்சரித்தது. இங்கே கேட்கப்படுவது யுபிஐ. உதவியை மறைவாகச் செய்வதே சிறப்பு என்று வளர்ந்தவர்களுக்கு, 'எவருக்கும் தெரிய வேண்டாம்' என்ற சொல் ஐயத்தை எழுப்புவதில்லை. இம்மோசடியின் வலிமை தொழில்நுட்பத்தில் இல்லை, இச்சொல்லில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

எண் பழையதாயினும் நம்பிவிடலாகாது. ஆறு இலக்கக் குறியீட்டை எவரேனும் ஏமாற்றிப் பெற்றுவிட்டால், போதகரின் வாட்ஸ்அப் கணக்கே பிறர் கைக்குப் போய்விடும். அப்போது வாட்ஸ்அப் அழைப்பும் மோசடிக்காரனிடமே செல்லும். ஆகவே சாதாரணத் தொலைபேசி அழைப்பில் அவர் குரலைக் கேட்டபின்னரே பணம் அனுப்புங்கள். யுபிஐ திரையில் தோன்றும் பெயரையும் படியுங்கள். சபைக்கான காணிக்கை முன்பின் அறியாத தனிநபர் கணக்கிற்குச் செல்லக் காரணமில்லை.

சபை நிர்வாகத்தினரிடமும் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உறுப்பினர்களின் தொலைபேசிப் பட்டியலைப் பொதுவில் வெளியிடாதீர்கள். சபையின் கணக்கு விவரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தனிச் செய்தியில் போதகர் பணம் கேட்பதில்லை என்பதை ஆராதனை அறிவிப்புகளிலேயே சொல்லிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கிவைப்பது போதகருக்கு இரண்டு நிமிட வேலை.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள், வங்கிக்கும் தெரிவியுங்கள். தொகை அடுத்தடுத்த கணக்குகளுக்கு விரைந்து மாற்றப்படும். அதற்குள் புகார் பதிவானால் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை, அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைகளிலேயே வாடிக்கையாளரைக் காத்தது. தாமே பின் எண் இட்டு அனுப்பிய தொகைக்கு அது பொதுவாகப் பொருந்தவில்லை. எனவே விரைவே உங்கள் கவசம்.

ஆள்மாறாட்ட மோசடிக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஆயினும், ஏமாந்ததைச் சபையார் அறிந்தால் என்ன நினைப்பரோ என்று கூசிப் பலர் புகாரே தருவதில்லை. அச்செய்தி உங்களுக்கு மட்டுமே வந்திருக்கும் என்று எண்ண வேண்டாம். அடுத்த வீட்டுக்காரரும் அந்நேரம் அதே செய்தியைப் படித்துக்கொண்டிருக்கலாம். கிளைக்குத் தனியே வரத் தயங்கினால் சபை மூப்பர் ஒருவரை அழைத்து வாருங்கள். வந்த செய்திகளை அழிக்காமல் கைப்பேசியைக் கொண்டுவாருங்கள்.